கவுன்சிலிங்னா கட்-ஆஃப் மட்டும் இல்ல மக்களே

"கவுன்சிலிங்"னு சொன்னதும் உங்களுக்கு முதல்ல என்ன ஞாபகத்துக்கு வருது? எனக்கு 2022 தான். பிளஸ் டூ மார்க், கட்-ஆஃப், ரேங்க் லிஸ்ட், சாய்ஸ் ஃபில்லிங், எந்த ரவுண்டுல நம்ம பேரு வரும்னு வீட்டுல எல்லாரும் ஒரே மொபைலைச் சுத்தி உட்கார்ந்திருந்தது. தமிழ்நாட்டுல இன்ஜினியரிங் படிக்கிற யாருக்குமே கவுன்சிலிங்னா முதல் அர்த்தம் அதுதான்.

ரெண்டாவது அர்த்தம் காலேஜுக்குள்ள வந்த அப்புறம் தெரியும். அட்டெண்டன்ஸ் 75க்குக் கீழ போனாலோ, அரியர் விழுந்தாலோ, ஃபேகல்டி அட்வைசர் கூப்பிடுவாங்க. அப்பாவுக்கு ஃபோன் போகும். ஒரு ஃபார்ம்ல கையெழுத்து வாங்குவாங்க. அந்த ஃபார்முக்குப் பேரு "ஸ்டூடன்ட் கவுன்சிலிங் ரெக்கார்டு". நாக் கமிட்டி வர்ற அன்னிக்கு அந்த ஃபைல் எல்லாம் அழகா லேபிள் ஒட்டி மேஜை மேல இருக்கும்.

மூணாவதா ஒரு அர்த்தம் இருக்கு. அதைப் பத்திதான் இந்தக் கட்டுரை. எட்டு, பத்து பேர் வட்டமா உட்கார்ந்து, பயிற்சி பெற்ற ஒருத்தர் கூட இருக்க, வாரம் ஒரு தடவை மனசுல இருக்கிறதைப் பேசுறது. குரூப் கவுன்சிலிங். இது நம்ம காலேஜுக்கு ஒவ்வொரு செமஸ்டரும் வேணும்னு நான் நினைக்கிறேன். ஏன்னு சொல்றேன். எங்க இது வேலை செய்யாதுன்னும் சொல்றேன். படிச்சுட்டு நீங்க முடிவு பண்ணுங்க.

ஆறும் அரியரும்

நான் சிவில். 2023 டிசம்பர் 17, 18 தேதிகள்ல நம்ம ஊர்ல என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரையைத் தாண்டி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள்ள வந்துச்சு. எங்க வீடு ஜங்ஷன் பக்கம். தண்ணி முட்டிக்கு மேல வந்ததும் பக்கத்து வீட்டு மாடிக்குப் போயிட்டோம். மொத்தம் 14 பேரு, ரெண்டு நாள். கரண்ட் இல்ல, டவர் இல்ல. பக்கத்து வீட்டு ஆச்சி 1992 வெள்ளத்தைப் பத்திச் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அந்த ரெண்டு நாளும் பயமாதான் இருந்துச்சு, ஆனா தனியா இருக்கோம்னு ஒரு நிமிஷம் கூடத் தோணல.

தனியா இருக்கோம்னு தோணினது அதுக்கு மூணு மாசம் கழிச்சு. மூணாவது செமஸ்டர் ரிசல்ட் வந்துச்சு. ரெண்டு அரியர். ஒண்ணு மேத்ஸ், டிரான்ஸ்ஃபார்ம்ஸ். இன்னொண்ணு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ். ஆறு வீட்டுக்குள்ளேயே வந்து பாடம் எடுத்தும் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல ஃபெயில் ஆனவன் நான்தான்னு இப்போ ஜோக் அடிக்கிறேன். அப்போ அடிக்க முடியல. பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் மீடியம், எப்பவும் முதல் அஞ்சு ரேங்க். ஃபெயில்ங்கிற வார்த்தையை அடுத்தவன் ரிப்போர்ட் கார்டுல மட்டும்தான் பார்த்திருந்தேன். வெள்ளத்துல போன ஃப்ரிட்ஜுக்கும் பைக்குக்கும் அப்பா இன்னும் கடன் கட்டிக்கிட்டு இருந்தாங்க. அவங்ககிட்ட எப்படிச் சொல்றது? கவுன்சிலிங் ஃபார்ம்ல அப்பா நம்பர்னு நான் எழுதினது என் ஃப்ரெண்டோட நம்பர். அவன்தான் அப்பாவா பேசினான். நல்லாவே பேசினான்.

அப்புறம் கிளாஸுக்குப் போறது குறைஞ்சுது. காலையில வழக்கம்போல டிபன் பாக்ஸோட கிளம்பி, குறுக்குத்துறை படித்துறையில போய் உட்கார்ந்திருப்பேன். மத்தியானம் அங்கேயே சாப்பிடுவேன். சாயங்காலம் வீட்டுக்கு. யாராவது "என்னலே, எப்படி இருக்க?"ன்னு கேட்டா "ஃபைன்". அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தையை வெச்சு ஆறு மாசம் ஓட்டினேன்.

பெரியப்பா கூட்டிட்டுப் போன இடம்

கண்டுபிடிச்சது பெரியப்பா. இதை அவங்ககிட்ட கேட்டுட்டுதான் எழுதுறேன். பெரியப்பா ஒரு காலத்துல மோசமா குடிச்சவங்க. இப்போ நிறுத்தி எட்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு இன்னிக்கும் வாராவாரம் போறாங்க. 2024 மே மாசம் ஒரு நாள் என்னைப் படித்துறையில பார்த்துட்டாங்க. எதுவும் கேட்கல. "சாயங்காலம் ஒரு ஓபன் மீட்டிங் இருக்கு, எங்கூட வாலே"ன்னாங்க. ஓபன் மீட்டிங்னா குடும்பத்துக்காரங்களும் மத்தவங்களும் வந்து உட்காரலாம்.

ஒரு சின்ன ஹால். பிளாஸ்டிக் சேர். பெரிய கேன்ல டீ. ஒவ்வொருத்தரா எழுந்து பேரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி"ன்னு சொல்லிட்டுப் பேசினாங்க. யாரும் குறுக்க பேசல. யாரும் அட்வைஸ் பண்ணல. என்ன பேசினாங்கன்னு நான் எழுத மாட்டேன், அது அங்கேயே இருக்க வேண்டியது. வெளிய வந்து கடையில இன்னொரு டீ குடிக்கும்போது பெரியப்பா சொன்னது மட்டும் சொல்றேன். "உங்க அப்பன் சொன்னப்போ எனக்குக் கோவம் வந்துச்சு. டாக்டர் சொன்னப்போ பயம் வந்துச்சு. என்னை மாதிரியே குடிச்ச இன்னொருத்தன் சொன்னப்போதாம்ல காதுல ஏறிச்சு."

அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து கூகுள்ல தேட ஆரம்பிச்சேன். இது என்ன, எப்படி வேலை செய்யுதுன்னு.

காசநோய் வார்டுல ஆரம்பிச்ச கதை

1905ல அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துல ஜோசப் பிராட்னு ஒரு டாக்டர். காசநோய்க்கு அப்போ மாத்திரை கிடையாது. ஓய்வு, நல்ல காத்து, நல்ல சாப்பாடு, அவ்வளவுதான். சானடோரியம் போக வசதி இல்லாத ஏழை நோயாளிகளை வாரம் ஒரு தடவை ஒண்ணா உட்கார வெச்சார். எப்படி வீட்டுல இருந்தே உடம்பைப் பார்த்துக்கணும்னு சொல்லித் தர்றதுக்காக ஆரம்பிச்ச கிளாஸ் அது. போகப் போக, அவர் நடத்துற பாடத்தை விட பக்கத்துல உட்கார்ந்திருக்கிற நோயாளி எடை கூடினதைப் பார்க்கிறதுதான் மத்தவங்களுக்குத் தெம்பு கொடுக்குதுன்னு கவனிச்சார். குழு சிகிச்சை வரலாறை எழுதுறவங்க பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குறாங்க.

1935ல ஓஹையோ மாநிலம் ஏக்ரன்ல ஒரு பங்குச்சந்தை புரோக்கரும் ஒரு சர்ஜனும் சந்திச்சாங்க. ரெண்டு பேருமே குடிநோயாளிகள். ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிட்டே குடிக்காம இருக்க முடியுதுன்னு கண்டுபிடிச்சாங்க. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அங்க பிறந்துச்சு. 2020ல காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, குடியை முழுசா நிறுத்துற விஷயத்துல இந்த வழி மத்த சிகிச்சைகளுக்குச் சமமாவோ, அதை விட நல்லாவோ வேலை செய்யுதுன்னு சொல்லுது.

நம்ம தமிழ்நாட்டுக் கதையும் இருக்கு. குடியால கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980ல சென்னையில அவர் பேர்லயே டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினாங்க. குடிநோய்க்குச் சிகிச்சைன்னு தனியா ஒண்ணு இருக்கலாம்னே நம்ம பக்கம் பெரும்பாலானவங்க நினைக்காத காலம் அது. அங்க மருந்தோட சேர்த்து குழு சிகிச்சையும் உண்டு, குடும்பத்துக்குத் தனி அமர்வுகளும் உண்டு. 1992ல அவங்களுக்குப் பத்மஸ்ரீ கிடைச்சுது.

இங்க ஒரு விளக்கம் தேவை. ஏன்னா மூணு விஷயத்தை நாம ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறோம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் மாதிரி ஒரே பிரச்சினை உள்ளவங்க தாங்களே நடத்துறது ஆதரவுக் குழு, சப்போர்ட் குரூப். அங்க டாக்டர் கிடையாது. மன அழுத்த நோய், பதற்ற நோய், போதைப் பழக்கம்னு கண்டறியப்பட்டவங்களுக்கு மனநல மருத்துவரோ உளவியலாளரோ நடத்துறது குழு சிகிச்சை, குரூப் தெரபி. நோய்னு சொல்ல முடியாது, ஆனா வாழ்க்கையில ஒரு இடத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறோம்ங்கிற நிலைமையில இருக்கிறவங்களுக்கு, பயிற்சி பெற்ற ஆலோசகர் குறிப்பிட்ட சில வாரம் நடத்துறது குழு ஆலோசனை, குரூப் கவுன்சிலிங். நமக்கு, அதாவது அரியர், பிளேஸ்மென்ட், வீட்டுக் கடன், பிரேக்-அப், ஹாஸ்டல் தனிமைன்னு இருக்கிற நமக்குப் பொருந்துறது பெரும்பாலும் மூணாவது.

நான் உட்கார்ந்த ஆறு வாரம்

2024 ஜூலை கடைசியில எங்க காலேஜ்ல ஒரு சர்க்குலர் வந்துச்சு. உளவியல் படிச்ச ஒரு மேடம் புதன்கிழமை சாயங்காலம் ஆறு வாரத்துக்கு வருவாங்க, விருப்பம் உள்ளவங்க பேர் கொடுக்கலாம்னு. பெரியப்பா கூட போனது மனசுல இருந்ததால பேர் கொடுத்தேன். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மேடம் ஒவ்வொருத்தர்கிட்டயும் தனியா இருபது நிமிஷம் பேசினாங்க. யாருக்கு இந்தக் குழு சரிப்படும், யாருக்கு நேரா டாக்டர் தேவைன்னு பார்க்கிறதுக்கு. கடைசியில ஒன்பது பேர் இருந்தோம். வேற வேற டிபார்ட்மென்ட், வேற வேற வருஷம்.

விதிகள் அஞ்சு. இங்க பேசினது இங்கேயே இருக்கும். ஃபோன் வெளிய. கேட்காம அட்வைஸ் பண்ணக் கூடாது. பேசப் பிடிக்கலைன்னா "பாஸ்"னு சொல்லலாம். விட்டுட்டுப் போகணும்னா சொல்லிட்டுப் போகணும்.

முதல் வாரம் முழுக்க கேண்டீன் சாம்பாரைத் திட்டினோம். மேடம் தடுக்கல. ரெண்டாவது வாரத்துல இருந்துதான் உண்மையா பேச ஆரம்பிச்சோம். மத்த எட்டு பேர் சொன்னதை நான் எழுத முடியாது. முதல் விதி அதுதான், ரெண்டு வருஷம் ஆகப் போனாலும் அது இன்னும் விதிதான். என்னோடதை மட்டும் சொல்றேன்.

"எனக்கு ரெண்டு அரியர் இருக்கு. வீட்டுல தெரியாது." இந்த ரெண்டு வாக்கியத்தைச் சொல்ல எனக்கு மூணு வாரம் ஆச்சு. சொன்ன அப்புறம் ஒண்ணும் நடக்கல. யாரும் அய்யோன்னு சொல்லல. ஒருத்தர் மட்டும் "எந்த பேப்பர்?"னு கேட்டாங்க. (இதை எழுத அவங்ககிட்ட அனுமதி வாங்கிட்டேன்.) அவ்வளவுதான். நான் ஆறு மாசமா மூடி மூடி வெச்சிருந்த விஷயம் அந்த ரூம்ல ஒரு சாதாரண தகவல் மாதிரி இருந்துச்சு.

இன்னொண்ணு. நான் பேசும்போதெல்லாம் இங்கிலீஷ்லயே பேசினேன். லோ ஃபீல் பண்றேன், ஸ்ட்ரெஸ்டா இருக்கேன்னு. மேடம், "இதை உங்க ஆச்சிகிட்ட சொல்லணும்னா எப்படிச் சொல்வீங்க?"ன்னு கேட்டாங்க. யோசிச்சுப் பார்த்தா சட்டுனு வந்தது "வெப்ராளமா இருக்கு"ங்கிற வார்த்தை. நெஞ்சுக்குள்ள பொங்கிப் பொங்கி வருது, ஆனா அழுகையும் வரல, வார்த்தையும் வரல, அதுக்கு ஆச்சி சொல்ற வார்த்தை அது. அந்த வார்த்தையைச் சொன்னதும் எனக்கு என்ன ஆச்சுன்னு எனக்கே புரிஞ்சுது. இங்கிலீஷ்ல சொன்ன வரைக்கும் அது யாரோ ஒருத்தனோட பிரச்சினை மாதிரிதான் இருந்துச்சு.

நாலாவது வாரம் முடிஞ்ச சனிக்கிழமை அப்பாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம், "அரியர் எழுத ஃபீஸ் எவ்வளவு?"ன்னு கேட்டாங்க.

குழு என் அரியரைக் கிளியர் பண்ணிக் கொடுக்கல, அதையும் சொல்லிடுறேன். மேத்ஸ் அந்த நவம்பர்ல போச்சு. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸுக்கு அடுத்த ஏப்ரல் வரைக்கும் ஆச்சு. ஆனா படித்துறைக்குப் போறது நின்னுச்சு. பரீட்சை எழுதணும்னா முதல்ல கிளாஸுக்குள்ள இருக்கணும்ல?

ஏன் வேலை செய்யுது?

இர்வின் யாலம்னு ஒரு அமெரிக்க மனநல மருத்துவர். குழு சிகிச்சையைப் பத்தி 1970ல அவர் எழுதின புத்தகம்தான் இன்னிக்கு வரைக்கும் இந்தத் துறையில பாடப்புத்தகம். குழுவுல ஒருத்தர் குணமாக என்னென்ன காரணங்கள் உதவுதுன்னு அவர் ஒரு பட்டியல் போட்டார். அதுல மூணு எனக்கு நேரடியா புரிஞ்சுது.

முதலாவது, எனக்கு மட்டும் இல்லைங்கிற உணர்வு. தனியா ஒரு கவுன்சிலர் "இது எல்லாருக்கும் வர்றதுதான்"னு சொன்னா, ஆறுதலுக்குச் சொல்றாங்கன்னு தோணும். எதிர் சேர்ல இருக்கிறவரே அதைச் சொல்லும்போது நம்பாம இருக்க முடியாது.

ரெண்டாவது, நம்பிக்கை. நம்மளை விட ரெண்டு படி முன்னாடி போனவரை நேர்ல பார்க்கிறோம். பிராட் டாக்டரோட நோயாளிகள் பக்கத்து ஆள் எடையைப் பார்த்த மாதிரி.

மூணாவதுதான் முக்கியம்னு எனக்குப் படுது. நாம உதவி வாங்குறவங்களா மட்டும் இல்லாம, கொடுக்கிறவங்களாவும் இருக்கோம். கவுன்சிலர் ரூம்ல நான் பேஷன்ட். குழுவுல நான் இன்னொருத்தர் பேசும்போது கேட்கிறவனும் கூட. ஒண்ணுக்கும் உதவாதவன்னு தன்னை நினைச்சுக்கிட்டு இருக்கிற ஒருத்தனுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம்னு, அந்த இடத்துல இருந்து பார்த்தவங்களுக்குத் தெரியும்.

சிவில்காரங்களுக்கு ட்ரஸ் கணக்கு ஞாபகம் இருக்கும். ஜாயின்ட்ல லோடு வெச்சா அது பல மெம்பருக்குப் பிரிஞ்சு போகும். லோடு குறையாது. ஒரே கம்பி வளையாது, அவ்வளவுதான்.

"அனுபவம் சரி, ஆதாரம் எங்க?"ன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு ஆய்வு. உகாண்டாவோட தென்மேற்குப் பகுதியில 30 கிராமங்கள். மன அழுத்த அறிகுறி உள்ளவங்கள்ல பாதி கிராமங்கள்ல இருந்தவங்களுக்கு மட்டும் வாரம் ஒன்றரை மணி நேரம், 16 வாரம், குழு சிகிச்சை. நடத்தினவங்க டாக்டர்கள் இல்ல, ரெண்டு வாரம் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரங்க. 2003ல வெளியான முடிவு இது: குழுவுல இருந்தவங்கள்ல தீவிர மன அழுத்தம் உள்ளவங்க 86 சதவீதத்துல இருந்து 6.5 சதவீதமா இறங்கினாங்க. குழு கிடைக்காத கிராமங்கள்ல 94ல இருந்து 54.7. தானாவே சரியாகிறதும் இருக்கு, பாருங்க. ஆனா வித்தியாசம் எவ்வளவு! 2016ல உலக சுகாதார நிறுவனம் இந்த முறைக்குக் கையேடே வெளியிட்டுச்சு.

எங்க வேலை செய்யாது?

குழு எப்பவும் நல்லதுன்னு நான் சொன்னா, நம்ம மாவட்டத்துக்காரங்க யாரும் நம்ப மாட்டீங்க. நம்பவும் கூடாது. 2023 ஆகஸ்ட்ல நாங்குநேரியில என்ன நடந்துச்சு? கூடப் படிக்கிற மாணவனை வீடு புகுந்து வெட்டினவங்களும் பள்ளி மாணவர்கள்தான். அதுக்கப்புறம் அரசு அமைச்ச நீதிபதி சந்துரு குழு 2024 ஜூன்ல கொடுத்த அறிக்கையில, மாணவர்கள் கையில கட்டுற கலர் கயிறைத் தடை பண்ணணும்னு பரிந்துரை இருந்துச்சு. அந்தக் கயிறும் ஒரு குழுதான். தனிமையில இருக்கிற பையனுக்கு "நீ எங்க ஆளு"ன்னு சொல்ற குழு. நம்ம ஊர்ல குழுவுக்குப் பஞ்சமே கிடையாது மக்கா. எந்தக் குழு, யார் நடத்துறாங்க, எதுக்காகங்கிறதுதான் கேள்வி.

ஆராய்ச்சியும் இதையே சொல்லுது. 1999ல அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், பிரச்சினையான நடத்தை உள்ள சிறுவர்களை ஒண்ணாப் போட்டு நடத்தின திட்டங்கள் சிலதுல நிலைமை இன்னும் மோசமானதைக் காட்டினாங்க. ஒருத்தர் தப்பை இன்னொருத்தர் கை தட்டி ரசிச்சா அதுவும் ஒரு பயிற்சிதானே. அதனால குழுவுல யார் யாரைச் சேர்க்கிறதுங்கிறது ரொம்ப முக்கியம். எங்க மேடம் தனித்தனியா இருபது நிமிஷம் பேசினது அதுக்குத்தான்.

பெரிய விபத்தோ பேரிடரோ நடந்த உடனே எல்லாரையும் ஒரே தடவை உட்கார வெச்சு "நடந்ததைச் சொல்லுங்க"ன்னு கட்டாயமா பேச வைக்கிற முறையும் பலன் தரலைன்னு தெரிஞ்சுபோச்சு. உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைக்கிறதில்ல.

அதே மாதிரி, உயிரை விட்டுடலாம்னு எண்ணம் வர்றவங்க, இல்லாத குரல் கேட்கிறவங்க, பல நாளா தூக்கமே இல்லாம நிலை தடுமாறி இருக்கிறவங்க, இவங்களுக்கு முதல்ல தேவை டாக்டர். குழு அப்புறம்.

ஒரே நாள் செமினார்? போன வருஷம் எங்க காலேஜ்ல நடந்துச்சு. ஆடிட்டோரியத்துல 600 பேர், கோட் போட்ட ஒருத்தர், "நீ ஒரு சிங்கம்"னு கத்தச் சொன்னார், கத்தினோம். கடைசியில குரூப் ஃபோட்டோ எடுத்தோம். அதுல இருந்த குரூப் அது மட்டும்தான்.

நீங்க கேட்கப் போற கேள்விகள்

"ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்களே, அவங்ககிட்ட பேசினா போதாதா?" நல்ல ஃப்ரெண்ட்ஸ் இருந்தா ரொம்ப சந்தோஷம். எனக்கும் இருந்தாங்க. என் அப்பாவாவே பேசினான்னு சொன்னேன்ல? ஃப்ரெண்டு நம்மளைக் காப்பாத்தணும்னு நினைப்பான். அதனாலேயே சில நேரம் நம்ம பொய்யையும் சேர்த்துக் காப்பாத்துவான். குழுவுல இருக்கிறவங்களுக்கு நம்மளோட பொய்யில பங்கு இல்ல.

"இது சின்ன ஊரு. பாளையங்கோட்டையில தும்மினா டவுன்ல கேட்கும். வெளிய தெரிஞ்சா?" நியாயமான பயம். கவுன்சிலரைப் பொறுத்தவரை ரகசியம் காக்கிறது தொழில் தர்மம். மனநல சிகிச்சைன்னு போனா 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே நோயாளியோட ரகசியத்துக்கு உரிமை தருது. ஆனா குழுவுல இருக்கிற மத்த மாணவர்களைச் சட்டம் கட்டாது. அங்க வாக்கு மட்டும்தான். அதனாலதான் ஒரே கிளாஸ்காரங்களை ஒரே குழுவுல போடக் கூடாது, ஃபேகல்டி உள்ள வரக் கூடாது, அந்தப் பேச்சு எந்த ரெக்கார்டுலயும் ஏறக் கூடாது. இன்டர்னல் மார்க் போடுற கையும் கவுன்சிலிங் பண்ற கையும் ஒண்ணா இருந்தா எவன் வாயைத் திறப்பான்?

"சாதி?" ஆமா, அது எல்லா ரூமுக்குள்ளயும் நம்மகூட வரும். ஆறு வாரத்துல அது போயிடும்னு நான் கதை விட மாட்டேன். எங்க ஒன்பது பேர்ல யாரும் யாரையும் ஊர்ப் பேரு, தெருப் பேரு கேட்கக் கூடாதுன்னு மேடம் முதல் நாளே சொல்லிட்டாங்க. கயிறோ மோதிரமோ கழட்டி வெச்சுட்டு ஒன்றரை மணி நேரம் இன்னொருத்தன் அழுறதைக் கேட்ட அனுபவம் எனக்கு அதுக்கு முன்னாடி கிடைச்சதில்ல. உங்கள்ல எத்தனை பேருக்குக் கிடைச்சிருக்கு?

கணக்கு

2025 ஜூலை 25 அன்னிக்கு உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புல, 100 மாணவர்களோ அதுக்கு மேலயோ இருக்கிற கல்வி நிறுவனம் ஒவ்வொண்ணும் குறைஞ்சது ஒரு தகுதியான மனநல ஆலோசகரை வைக்கணும்னு வழிகாட்டுதல் கொடுத்துச்சு. அந்தத் தீர்ப்புல சொல்லப்பட்ட ஒரு எண், 2022ல இந்தியாவுல தற்கொலையால இறந்த மாணவர்கள் 13,044 பேர். எங்க பேட்ச் காலேஜ்ல சேர்ந்த வருஷம் அது.

சரி, ஒருத்தரை வைக்கிறாங்கன்னே வெச்சுக்குவோம். 2000 பேர் படிக்கிற ஒரு காலேஜ். அதுல நூத்துக்குப் பத்து பேருக்கு உதவி தேவைன்னு எடுத்துக்குவோம், 200 பேர். ஒருத்தருக்கு ஆறு அமர்வுன்னா 1200 அமர்வு. ஒரு நாளைக்கு ஆறு பேரைப் பார்த்தா 200 வேலை நாள். ஒரு செமஸ்டருக்கு வேலை நாள் 90. முடியாது. பாதிப் பேர் வரிசையில நிக்கும்போதே செமஸ்டர் முடிஞ்சிரும்.

அதே 200 பேரை எட்டு எட்டு பேரா பிரிங்க. 25 குழு. குழுவுக்கு ஆறு அமர்வுன்னா 150. ஒரு நாளைக்கு ரெண்டு குழுன்னா 75 நாள். ஒரே செமஸ்டர்ல முடியுது. ஒரு நாளைக்கு மூணு மணி நேரம்தான் இதுக்குப் போகுது. மிச்ச நேரத்துல தனியா பார்க்க வேண்டியவங்களைத் தனியா பார்க்கலாம். குழு தனி ஆலோசனைக்குப் பதில் இல்ல. தனி ஆலோசனை யாருக்குக் கட்டாயம் தேவையோ அவங்களுக்கு நேரம் கிடைக்க வைக்கிற வழி.

எங்க ஆறு வாரம் முடிஞ்சதும் அந்த ரூமை பிளேஸ்மென்ட் ட்ரெயினிங்குக்குக் கொடுத்துட்டாங்க. ரெண்டாவது பேட்ச் வரவே இல்ல. நான் இன்னும் சில மாசத்துல வெளிய போயிடுவேன். அதனால ஜூனியர்ஸ்கிட்ட கேட்கிறேன்: ஸ்டூடன்ட் கவுன்சில் மீட்டிங்ல இதைக் கேளுங்க. ஒரு ரூம், ஒன்பது சேர், வாரம் ஒன்றரை மணி நேரம், வெளியில இருந்து வர்ற பயிற்சி பெற்ற ஒருத்தர். வேற செலவு இல்ல. ஹாக்கத்தானுக்கு அடிக்கிற பேனர் காசு கூட ஆகாது.

அதுவரைக்கும் காத்திருக்க முடியாதவங்களுக்கு: 14416. டெலி மானஸ். இலவசம், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். நேர்ல போகணும்னா ஹைகிரவுண்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. தனியா போகக் கூச்சமா இருந்தா யாரையாவது கூட்டிட்டுப் போங்க. யாரும் இல்லைன்னா இந்த இதழோட எடிட்டோரியல் மெயிலுக்கு ஒரு வரி போடுங்க, என்கிட்ட சொல்லுவாங்க. சாயங்காலம் ஃப்ரீதான், வர்றேன். ஹைகிரவுண்ட் வாசல்ல டீயும் நல்லாயிருக்கும்.